சோவியத் ஓவியர் வரைந்த வெளிநாட்டுக் கட்டடம்: எந்தத் தாளுக்கு ஏலம் கேட்கலாம்?

ஏலப் பட்டியலில் இப்படி ஒரு பதிவு வரும்: சோவியத் ஓவியர், ஐரோப்பிய நகரக் கட்டடம் ஒன்று, தாளில் நீர்வண்ணம், கீழே வலது மூலையில் கையொப்பமும் ஆண்டும். மதிப்பீடு சில நூறு பவுண்டு. அதே பருவத்தில் இன்னொரு ஏலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயர் ஒன்று வரும். விலை பல மடங்கு. கூடவே அந்தப் பெரிய பெயரின் மரச்செதுக்கு அச்சு (மரக்கட்டையில் செதுக்கித் தாளில் பதித்தது) ஒன்றும், ஒரு கட்டடக் கலைஞர் பயணத்தில் வரைந்த தாள் ஒன்றும் கண்ணில் படும். கையில் இருப்பதோ ஒரே தொகை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஓவியர் அந்த ஊருக்கு, அந்த ஆண்டில், உண்மையாகவே போனார் என்பதைக் காட்ட முடிகிற தாளுக்குத்தான் நான் ஏலம் கேட்பேன். மற்றவை அழகாக இருக்கலாம், மலிவாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வகை ஓவியத்தில் பயணம்தான் பாதி மதிப்பு.

பிரெஞ்சு ஓவியர் ஒருவர் ரோமை வரைந்தால் "இவர் ரோமுக்குப் போனாரா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரயில் ஏறினால் போய்விடலாம். சோவியத் ஓவியருக்கு அப்படி இல்லை. அவர் நாட்டை விட்டு வெளியே கால் வைப்பதை அரசு முடிவு செய்தது. 1920களில் கதவு ஓரளவு திறந்திருந்தது. 1930களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைக் கண்காட்சியோடும் மாநாட்டோடும் அனுப்பினார்கள். ஸ்டாலினின் கடைசி ஆண்டுகளில் கதவு கிட்டத்தட்ட சாத்தியே இருந்தது. 1956க்குப் பிறகுதான் ஓவியர்கள் குழுக்களாக வெளியே போகத் தொடங்கினார்கள். அதிலும் பிராக், வார்சா, சோஃபியா எளிது, பாரிசும் ரோமும் கடினம். இத்தனை கட்டுப்பாடுகளால் வாங்குபவருக்கு ஒரு நன்மை உண்டு. இப்படிப்பட்ட பயணங்கள் தடயம் விட்டுச் சென்றிருக்கின்றன. திரும்பி வந்ததும் கண்காட்சி வைப்பார்கள், அதற்குச் சின்னப் பட்டியல் அச்சாகும், கலை இதழில் கட்டுரை வரும், சிலர் நினைவுக் குறிப்பும் எழுதுவார்கள். தேடினால் கிடைக்கும்.

தேடத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் ஏமாற்றுவது மிக எளிது. 1990களிலும் 2000களிலும் ரஷ்யக் கலைச் சந்தையை உலுக்கிய மோசடி ஒன்று உண்டு. டென்மார்க், ஜெர்மனி போன்ற நாடுகளின் அதிகம் அறியப்படாத 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் இயற்கைக் காட்சிகளைச் சிறிய ஏலங்களில் குறைந்த விலைக்கு வாங்குவார்கள். ஐரோப்பாவைக் காட்டிக்கொடுக்கும் வீட்டையோ ஆளையோ அழித்துவிட்டு, ரஷ்ய மேதை ஒருவரின் கையொப்பத்தைப் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள். 2007 முதல் ரஷ்ய அரசு நிறுவனமே இப்படி மாற்றப்பட்ட ஓவியங்களின் படங்களைத் தொகுத்துப் பட்டியல் வெளியிட வேண்டி வந்தது. அந்த மோசடிக்காரர்களுக்காவது வீட்டை அழிக்கும் வேலை இருந்தது. வெளிநாட்டுக் கட்டடத்தை வரைந்த நீர்வண்ணத் தாளில் அழிக்க எதுவுமே இல்லை. பெயர் தெரியாத ஐரோப்பியப் பொழுதுபோக்கு ஓவியர் ஒருவர் வரைந்த தேவாலயம், மூலையில் சிரிலிக் எழுத்தில் ஒரு பெயர், முடிந்தது வேலை. தாள் பழையது, வண்ணம் பழையது, வரைந்த இடமும் உண்மையானது. பொய்யான ஒரே பொருள் இரண்டு சென்டிமீட்டர் மை.

ஆகவே கையொப்பத்தைக் கடைசியாகப் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது கட்டடத்தை.

நகரங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறிய தேதிகளும் தெரியும். பாரிசில் ஈஃபிள் கோபுரத்துக்கு எதிர்க்கரையில் 1878 உலகக் கண்காட்சிக்குக் கட்டிய த்ரோகாதேரோ மாளிகை இருந்தது: நடுவில் வட்டமான பெரிய அரங்கு, இரு பக்கமும் உயர்ந்த கோபுரங்கள். 1935இல் அதை இடிக்கத் தொடங்கி, 1937 கண்காட்சிக்குள் இன்று நாம் பார்க்கும் ஷாயோ மாளிகையின் இரண்டு வளைந்த சிறகுகளை எழுப்பினார்கள். 1926 என்று தேதியிட்ட தாளில் அந்தச் சிறகுகள் தெரிந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு நேராகச் செல்லும் அகன்ற சாலைக்காக நெருக்கமான பழைய வீடுகளை இடிக்கத் தொடங்கியது 1936இல். சாலை முழுமையானது 1950இல். 1935இல் வரைந்ததாகச் சொல்லும் தாளில் அந்த நேர்ச்சாலை வழியாகப் பேராலயம் தெரிய வழியில்லை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் 381 மீட்டரில் முடிந்தது; அதன் உச்சியில் உள்ள நீண்ட தொலைக்காட்சி ஆன்டெனா 1950, 51 வாக்கில்தான் ஏறியது. 1935 அமெரிக்கத் தாளில் அந்த ஊசி இருக்கக் கூடாது.

கிழக்கு ஐரோப்பா இதைவிட நல்ல சாட்சி. வார்சாவின் அரச மாளிகையை 1944இல் ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1971இல்தான் மறுகட்டுமானம் தொடங்கியது. நடுவில் உள்ள ஆண்டுகளில் அந்தச் சதுக்கத்தை நேரில் நின்று வரைந்தவர் மாளிகை இருந்த இடத்தில் வெற்று வெளியைத்தான் வரைந்திருப்பார். பிராகில் வல்தாவா நதிக்கு மேலே லெத்னா குன்றில் 1955 மே 1 அன்று ஸ்டாலினின் பிரம்மாண்டமான கருங்கல் நினைவுச்சின்னத்தைத் திறந்தார்கள். 1962இல் செக்கோஸ்லோவாகிய அரசே அதை வெடிவைத்துத் தகர்த்தது. 1957இல் நதிக்கு இக்கரையில் நின்று அந்தப் பக்கமாக வரைந்தால் அது கண்ணில் படாமல் இருக்காது. ஓவியர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம்; விட்டிருந்தால் அதுவே சுவையான செய்தி. பெர்லினின் ரைஷ்டாக் கட்டடத்துக்கு 1954 முதல் 1999 வரை குவிமாடமே கிடையாது.

நிறமும் பேசும். பாரிசின் கல் முகப்புகள் நிலக்கரிப் புகையால் பல தலைமுறைகளாகக் கறுத்துக் கிடந்தன. பிரெஞ்சுக் கலாசார அமைச்சர் மால்ரோவின் காலத்தில், 1960களில், நோத்ரதாம் பேராலயம் உட்படப் பல கட்டடங்களைக் கழுவித் தேன் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1926 தாளிலோ 1957 தாளிலோ நோத்ரதாம் பளபளவென்று வெளுத்திருந்தால் நான் நின்று யோசிப்பேன். வெயில் அப்படி விழுந்திருக்கலாம், ஓவியர் அப்படி விரும்பியிருக்கலாம். ஆகவே இதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் ஏல நிறுவனத்துக்குக் கேள்வி எழுதிக் கேட்பேன்.

தாளும் வண்ணமும் அடுத்த சாட்சிகள். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள்கள் பரவலானது ஏறத்தாழ 1950 முதல். புற ஊதா விளக்கின் கீழே நீலவெண்மையாகச் சுடர்விடும் தாளில் 1935 என்று எழுதியிருந்தால் அந்த ஆண்டை நம்ப வேண்டாம். தாலோ நீலம் என்று ஓவியர்கள் சொல்லும் அந்தக் கூர்மையான நீலம் விற்பனைக்கு வந்தது 1935இல். 1920களின் வானத்தில் அது இருக்க முடியாது. அதைக் கண்ணால் சொல்ல இயலாது, ஆய்வகம் வேண்டும். சோவியத் தயாரிப்பான கோஸ்நாக் தாளில் இருந்தால் நல்ல அறிகுறி. மேற்கத்தியத் தாளாக இருந்தாலும் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. வெளியே போன ஓவியர்கள் முதலில் ஓடியதே அங்குள்ள காகிதக் கடைக்குத்தான்.

இனி தேர்வுகளுக்கு வருகிறேன்.

முதல் தேர்வு பெரிய பெயர்கள். இந்தப் பேச்சுக்கு அவர்களில் இருவர் போதும். அன்னா ஓஸ்ட்ரோஊமவா லெபெதெவா 1871இல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். இளமையில் பாரிசில் அமெரிக்க ஓவியர் விஸ்லரிடம் பாடம் கேட்டவர். எண்ணெய் வண்ணத்தின் நெடி அவருக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவந்தது. அதனால் மரச்செதுக்குக்கும் நீர்வண்ணத்துக்கும் திரும்பினார். இரண்டிலும் ரஷ்யாவில் அவருக்கு நிகர் சொல்வது கடினம். செயற்கை ரப்பருக்கு வழி கண்ட வேதியியலாளர் செர்கேய் லெபெதெவ் அவருடைய கணவர். புரட்சிக்கு முன்பே இத்தாலி, ஹாலந்து, ஸ்பெயின் எல்லாம் வரைந்தவர், சோவியத் குடிமகளாக 1926இல் மீண்டும் பாரிஸ் போனார். இரண்டாம் உலகப் போரின் முற்றுகைக் காலம் முழுக்க லெனின்கிராடிலேயே (பீட்டர்ஸ்பர்கின் சோவியத் காலப் பெயர்) இருந்து, 1955இல் அங்கேயே மறைந்தார். தன் வாழ்க்கைக் குறிப்புகளை மூன்று தொகுதிகளாக எழுதி வைத்திருக்கிறார். அவருடைய தாளை வாங்க நினைப்பவருக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை. கட்டடத்தின் எடையை ஒரு சில அகன்ற பூச்சுகளில் கொண்டுவந்து நிறுத்தும் அவருடைய கை எனக்கு மிகவும் பிடித்தது.

மற்றவர் அலெக்சாந்தர் தேனேகா (1899–1969). சோவியத் கலைக் கண்காட்சியோடு 1934 கடைசியில் அமெரிக்கா போனார். ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், வாஷிங்டன் பார்த்துவிட்டு, 1935இல் பாரிசும் ரோமும் வழியாகத் திரும்பினார். அவருடைய அமெரிக்கத் தாள்களில் நெடுஞ்சாலையும் உயரமான கட்டடமும் வெறும் காட்சியாக நிற்பதில்லை; அந்த வேகத்தை அவர் பார்த்து வியந்தது தெரியும்.

இவர்களுடைய நல்ல தாள்கள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன: பீட்டர்ஸ்பர்கின் ரஷ்ய அருங்காட்சியகம், மாஸ்கோவின் த்ரெத்யாகோவ், தேனேகாவின் சொந்த ஊரான கூர்ஸ்கில் அவர் பெயரிலேயே உள்ள ஓவியக் கூடம். வெளியே வருவது அரிது. வந்தால் விலை ஏறும். விலை ஏறும் இடத்துக்குத்தான் போலிக்காரனும் வருவான். 2018இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர நுண்கலை அருங்காட்சியகம், ரஷ்ய அவான்கார்ட் (20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் புதுமைக் கலை) கலைஞர்களுடையவை என்று காட்சிக்கு வைத்த 24 படைப்புகளை, வல்லுநர்கள் எழுப்பிய சந்தேகத்துக்குப் பிறகு எடுத்துவிட நேர்ந்தது. அருங்காட்சியகத்துக்கே அந்த நிலை என்றால் தனியாள் என்ன செய்வார்? த்ரெத்யாகோவ் போன்ற அரசு அருங்காட்சியகங்கள் தனியாருக்கு நம்பகச் சான்று எழுதித் தருவதையும் 2000களிலேயே நிறுத்திவிட்டன. பழைய சான்றிதழ் ஒன்று ஓவியத்தோடு வந்தால் அதையும் ஒரு தடயமாகத்தான் கொள்ள வேண்டும். ஆகவே இந்தத் தேர்வுக்கு என் நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் குறிப்பிட்ட தாள், அதே அளவோடு, பழைய கண்காட்சிப் பட்டியலிலோ நூலிலோ அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாமல் பெரிய பெயருக்குப் பெரிய பணம் தருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தேர்வு அதே ஓஸ்ட்ரோஊமவாவின் மரச்செதுக்கு அச்சு. விலை குறைவு, அச்சு மை நீர்வண்ணத்தைவிட வெளிச்சத்தைத் தாங்கும், வேறு பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். ஆனால் அவருடைய புகழ்பெற்ற செதுக்குகள் பீட்டர்ஸ்பர்க், அதன் அருகிலுள்ள பாவ்லவ்ஸ்க் காட்சிகள். வெளிநாட்டுக் காட்சிகளில் நான் அறிந்த முக்கியமானவை புரட்சிக்கு முந்தையவை. நமக்கு வேண்டியது சோவியத் ஓவியர் வெளியூரில் நின்று பார்த்த பார்வை என்றால் இங்கே அது கிடைக்காது. அவருடைய கலையே வேண்டும் என்பவருக்கு இதுதான் சரியான வழி.

மூன்றாவது, 1956க்குப் பிந்தைய பயணத் தாள்கள். என் மனம் இங்கேதான் நிற்கிறது. அந்த ஆண்டு 'பபேதா' கப்பல் சோவியத் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒதேசாவிலிருந்து ஐரோப்பாவைச் சுற்றி லெனின்கிராட் வரை போனது. எழுத்தாளர்கள் பலர் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு சோவியத் ஓவியர் சங்கத்தின் முதல் அனைத்து ஒன்றிய மாநாடு நடந்தது. அதன்பின் சங்கத்தின் வழியாகப் படைப்புப் பயணங்கள் வழக்கமாயின. ஒரெஸ்ட் வெரெய்ஸ்கி போன்ற புத்தக ஓவியர்கள் அரபு நாடுகளையும் அமெரிக்காவையும் வரைந்து வந்தார்கள். விக்தர் கிளிமாஷின் சீனாவை நீர்வண்ணத்தில் வரைந்தார். கிர்கிசியாவின் செமியோன் சூய்கோவ் 1952லேயே இந்தியா வந்தவர். அவருடைய இந்தியப் படங்கள் பெரும்பாலும் எண்ணெய் வண்ணம் என்பதால் இந்தக் கணக்கில் சேராது. இவர்களுக்குக் கீழே, மாகாண நகரங்களின் சங்கங்களில் இருந்த நூற்றுக்கணக்கான நல்ல ஓவியர்கள் வாழ்நாளில் ஓரிரு முறை வெளியே போய் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய தாள்கள்தான் சில நூறு பவுண்டுக்கு வருபவை.

இவற்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஊர் திரும்பிய பிறகு கண்காட்சிக்காக ஸ்டூடியோவில் பெரிதாக, பொறுமையாகத் தீட்டியது. இன்னொன்று, பேருந்து கிளம்பும் முன் கிடைத்த அவகாசத்தில் நின்ற இடத்திலேயே போட்டது. சந்தையில் பெரியதற்குத்தான் விலை. நான் சிறியதைத்தான் எடுப்பேன். பெரிய தாளில் கட்டடம் முழுமையாக இருக்கும், வானம் சீராக இருக்கும், ஆனால் அஞ்சலட்டையைப் பார்த்து வரைந்ததா நினைவிலிருந்து வரைந்ததா என்று சொல்ல முடியாது. சிறிய தாளில் நேரம் இருக்கிறது. ஒரு பக்கத்து நிழலை மட்டும் தீட்டிவிட்டு மற்றதைப் பென்சில் கோட்டிலேயே விட்டிருப்பார். முதல் பூச்சு காயும் முன் இரண்டாவதைப் போட்டதில் கூரை வானத்துக்குள் கசிந்திருக்கும். ஓரத்தில் எந்த நிறம் என்று தனக்காக எழுதிய குறிப்பு, மூலைகளில் ஊசித்துளை, ஒரு பக்கம் ஆல்பத்திலிருந்து கிழித்த விளிம்பு. வாழ்க்கையில் ஒருமுறைதான் இங்கே நிற்கப் போகிறோம் என்று தெரிந்த ஒருவர் எதை முதலில் பிடிக்க நினைத்தார் என்பது அந்தத் தாளில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த வகையையே வாங்குகிறேன்.

சான்றும் இங்கே எளிது. தாளின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஏல நிறுவனமும் மறுக்காது. ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு, சில சமயம் ரூபிளில் விலை எல்லாம் பென்சிலில் இருக்கும். கண்காட்சிச் சீட்டு ஒட்டியிருக்கலாம். குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்ததாக இருந்தால் வெளியே எடுத்துச் செல்ல அனுமதித்த கலாசார அமைச்சகத்தின் முத்திரை இருக்கலாம். முத்திரையையும் போலியாகச் செய்ய முடியும். ஆனால் சில நூறு பவுண்டு தாளுக்காக யாரும் கண்காட்சிச் சீட்டு, ரூபிள் விலை, முத்திரை என்று மூன்றையும் செய்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதே ஓவியரின் அதே பயணத்துத் தாள்கள் நான்கைந்து சேர்ந்து ஒரே வீட்டிலிருந்து ஏலத்துக்கு வந்தால் இன்னும் நல்லது. ஒன்றையொன்று உறுதிப்படுத்தும், ஒரே தாள், ஒரே பென்சில், அடுத்தடுத்த ஊர்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இவை மறுவிற்பனையில் விலை ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தரமும் ஏறி இறங்கும். கடமைக்காக வரைந்த சலிப்பான தாள்கள் நிறைய உண்டு.

நான்காவது தேர்வைப் பலர் கவனிப்பதே இல்லை: கட்டடக் கலைஞர்கள் வரைந்த தாள்கள். சோவியத் கட்டடக் கலைஞர்களுக்கு நீர்வண்ணம் பாடத்திட்டத்தின் பகுதி. மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தூணின் உருட்சியைக் கொண்டுவரும் பயிற்சி அவர்கள் கையில் ஊறியிருந்தது. போரிஸ் இயோஃபான் 1914 முதல் 1924 வரை இத்தாலியில் படித்து வேலை செய்தவர். கட்டப்படாமலே போன சோவியத் மாளிகைத் திட்டத்துக்காக 1934இல் அமெரிக்கா போய் வானளாவிகளைப் பார்த்து வந்தவர். 1935இல் ரோமில் நடந்த உலகக் கட்டடக் கலைஞர் மாநாட்டுக்கு சோவியத் குழு ஒன்றும் போனது. இயோஃபானின் தாள் இன்று மலிவாக வராது. மாஸ்கோவின் ஷூசெவ் கட்டடக்கலை அருங்காட்சியகம் போன்றவை அவரைப் பெரிதாகக் கொண்டாடிவிட்டன. ஆனால் அவரைப் போல வெளியே போய்வந்த, பெயர் அவ்வளவு தெரியாத கட்டடக் கலைஞர்களின் தாள்களை ஓவியம் சேர்ப்பவர்கள் "வரைபடம்" என்று ஒதுக்குகிறார்கள். கட்டடத்தை விரும்புபவர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. அளவு பிசகாது, சன்னலின் எண்ணிக்கை சரியாக இருக்கும். அதனால் மேலே சொன்ன தேதிச் சோதனைகள் மிக நன்றாக வேலை செய்யும். மனநிலையும் காற்றும் வேண்டும் என்றால் ஓவியரிடம் போங்கள். கல்லும் நிழலும் வேண்டும் என்றால் கட்டடக் கலைஞரிடம். எனக்கு மூன்றாவதும் நான்காவதும் மிக நெருக்கமான போட்டி.

எதைத் தேர்ந்தாலும் ஏலத்தின் மொழியைக் கவனித்துப் படிக்க வேண்டும். மேற்கத்தியப் பட்டியல்களில் "கையொப்பமிட்டது" என்பதும் "கையொப்பம் காணப்படுகிறது" என்பதும் வேறு வேறு. முதலாவதில் ஓவியரே எழுதினார் என்று நிறுவனம் கருதுகிறது. இரண்டாவதில் வேறு கை எழுதியிருக்கலாம் என்று தன்னை விலக்கிக்கொள்கிறது. "இவருடையது எனக் கருதப்படுவது", "இவர் பாணியில்" என்பவை இன்னும் தள்ளிப் போகும் படிகள். பெரிய ஏல நிறுவனங்களான சோதபிசும் கிறிஸ்டிசும் போலி என்று நிரூபணமானால் பணத்தைத் திருப்ப ஐந்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. சிறிய நிறுவனங்களில் அந்தக் காலம் மிகக் குறைவு. சிலவற்றில் சில வாரங்கள்தான். பெரிய நிறுவனங்கள் சில நூறு பவுண்டு தாளைத் தொடுவதில்லை என்பதால், நமக்கு வேண்டியது பெரும்பாலும் குறைந்த உத்தரவாதம் உள்ள இடத்திலேயே இருக்கும். மேலே சொன்ன சோதனைகளை நாமே செய்ய வேண்டியிருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

விலைக் கணக்கையும் முன்பே போடுங்கள். லண்டனில் ஒரு தாள் 1,000 பவுண்டுக்கு "மூன்று தரம்" ஆனது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் தரும் கட்டணம் 25 சதவீதம் என்றால் 250. அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி, 50. ஆக 1,300. இணையத் தளம் வழியாகக் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம். அதன்மேல் பொதி கட்டுவது, காப்பீடு, அனுப்பும் செலவு, நம் நாட்டுச் சுங்கம். சின்னத் தாளுக்கு இவை எல்லாம் சேர்ந்து பாதி விலை ஆகிவிடும். அதனால் மனதில் உள்ள உச்ச வரம்பை எல்லாம் சேர்ந்த தொகையாக எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் கேட்க வேண்டும். விற்காமல் நின்றுபோன தாளுக்கு ஏலம் முடிந்த மறுநாள் எழுதிக் கேட்பதும் நல்ல வழி. விற்பவர் வைத்திருந்த குறைந்தபட்ச விலையிலோ அதற்குக் கீழேயோ பலமுறை தருவார்கள்; அவசரமும் இல்லை.

எங்கே வாங்குவது என்பதை 2022 மாற்றிவிட்டது. அதுவரை ஜூனிலும் நவம்பரிலும் லண்டனில் ரஷ்யக் கலைக்கென்றே ஏல வாரம் நடக்கும். உக்ரைன் போருக்குப் பிறகு சோதபிசும் கிறிஸ்டிசும் போனம்சும் அந்த ஜூன் ஏலங்களை ரத்து செய்தன. இப்போது இத்தகைய தாள்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறிய ஏலங்களில், குடிபெயர்ந்த குடும்பங்களின் வீட்டுப் பொருள்களோடு சிதறி வருகின்றன. மாஸ்கோ ஏலங்களில் தேர்வு அதிகம், விவரமும் அதிகம்; ஆனால் பணம் அனுப்புவது பல நாடுகளிலிருந்து முடியாத காரியம், பழைய ஓவியத்தை ரஷ்யாவிலிருந்து வெளியே எடுக்க அரசு அனுமதி வேறு வேண்டும். ஏற்கெனவே வெளியே இருக்கும் தாளையே தேடச் சொல்வேன்.

வாங்குமுன் நிலையைக் கேளுங்கள். நீர்வண்ணம் வெளிச்சத்தில் மங்கும் என்பதை ரசல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் இங்கிலாந்தில் 1888லேயே சோதித்து அறிக்கை எழுதிவிட்டார்கள். ஃபிரேமின் உள் அட்டை மறைத்த ஓரத்தைக் காட்டச் சொன்னால் முதலில் வானம் என்ன நிறம் என்று தெரிந்துவிடும். ஓரத்து நீலமும் நடுவின் சாம்பலும் வேறுவேறாக இருந்தால் நாம் பார்ப்பது ஓவியர் வரைந்த மாலை இல்லை. அமில அட்டை விட்ட பழுப்புக் கோடு, பூஞ்சைப் புள்ளிகள் இருந்தால் சரிசெய்ய முடியும், செலவாகும். மங்கிய நிறத்தை யாரும் திருப்பித் தர முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு அருங்காட்சியகங்கள் வைக்கும் அளவான 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் ஈரப்பதத்தில் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உட்சுவரில், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விட்டு, அமிலமற்ற அட்டையோடு ஃபிரேம் போடுங்கள்.

என் வரிசை இதுதான்: பயணம் உறுதியான, நின்ற இடத்தில் போட்ட சிறிய தாள் முதலில், அதற்கு ஒரு நூலிழை பின்னால் கட்டடக் கலைஞரின் தாள், பிறகு மரச்செதுக்கு, அச்சேறிய ஆதாரம் இல்லாத பெரிய பெயர் கடைசியில். இந்த வரிசையை நான் மாற்றுவது ஒரே சூழ்நிலையில்: ஓஸ்ட்ரோஊமவாவின் 1926 பாரிஸ் தாள் ஒன்று, அவர் உயிரோடு இருந்தபோது நடந்த கண்காட்சியின் பட்டியல் எண்ணோடு, வானம் மங்காமல் வந்தால். அப்போது மற்ற எல்லாத் தாள்களையும் விற்றாவது அதற்குக் கேட்பேன்.